வரைபடம் போட எந்த மென்பொருள்? தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

“எக்செலே போதுமா, இல்லை ஆர் கற்றுக்கொள்ளணுமா? எல்லாரும் பைதான் என்கிறார்களே?” புள்ளிவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதன்முதலாக வரைபடம் போட உட்காருகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. எக்செல் அட்டவணையில் எண்களை வைத்து வேலை செய்யும் விரிதாள் மென்பொருள்; ஆரும் பைதானும் கட்டளை எழுதி இயக்கும் நிரல்மொழிகள். பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: இதே படத்தை இன்னும் எத்தனை முறை போடப்போகிறீர்கள்?

“ஒரே முறைதான்” என்பார்கள். அநேகமாக அது நடக்காது.

என் ஆய்வேட்டுக்குப் பதினான்கு வரைபடங்களை ஒரு விரிதாளில் மவுஸால் இழுத்து இழுத்துப் போட்டேன். நிறம், எழுத்தளவு, அச்சின் எல்லை எல்லாம் கைவேலை. சமர்ப்பிக்க நான்கு நாள் இருக்கும்போது, “இந்த இரண்டு பேரின் அளவீடு தவறு, எடுத்துவிடு” என்றார் வழிகாட்டி. இரண்டு வரிசைகளை நீக்க இரண்டு நொடி ஆனது. பதினான்கு படங்களைத் திருத்த இரண்டு ராத்திரி ஆனது. அப்படியும் ஒன்பதாவது படம் பழைய எண்களோடு நின்றுவிட்டது. வாய்மொழித் தேர்வில் அது திரையில் பெரிதாக வந்தபோதுதான் கவனித்தேன்.

அதனால் ‘எது அழகாக வரையும்’ என்ற கேள்வியை இங்கே கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். கொஞ்சம் பழகினால் எல்லா மென்பொருளிலும் அழகாக வரையலாம். மறுபடி வரைவது எவ்வளவு சுலபம், நம்மைக் கேட்காமல் அது என்னென்ன முடிவுகளை எடுக்கிறது என்ற இரண்டையும்தான் நான் பார்ப்பேன்.

முதல் படி: கணினியை மூடிவிட்டு ஒரு தாள்

போட நினைக்கிற படத்தைப் பென்சிலால் கிறுக்குங்கள். கிடைமட்ட அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, எவை தனித்தனி நிறம் என்று மட்டும் தெரிந்தால் போதும். இதைச் செய்யாமல் மென்பொருளைத் திறந்தால் அதன் மெனுவில் இருக்கிற படங்களில் ஒன்றைத்தான் போடுவீர்கள், உங்களுக்குத் தேவையானதை அல்ல.

கிறுக்கியதன் பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தரவு இனி மாறுமா? மொத்தம் எத்தனை வரிசை? படம் எங்கே போகிறது: அச்சுக்கா, திரைக்கா, வாசகர் தொட்டுப் பார்க்கிற இணையப் பக்கத்துக்கா? மென்பொருள் தேர்வில் பாதி இந்த மூன்று பதிலிலேயே முடிந்துவிடும்.

சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிட்டாயிற்றே, படம் எதற்கு என்று நினைப்பவர்கள் புள்ளியியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973இல் காட்டிய நான்கு சிறு தரவுத் தொகுப்புகளைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் ஒரு மாறியின் சராசரி 9, மற்றதன் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) ஏறக்குறைய 0.816, பொருத்திய நேர்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று வழக்கமான சிதறல், ஒன்று வளைகோடு, இன்னொன்று ஒரே ஒரு புள்ளி தடம் மாறிய நேர்கோடு. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்க, தொலைவில் இருக்கிற பதினோராவது புள்ளி மட்டும் அந்தக் கோட்டையே உருவாக்குகிறது.

இரண்டாம் படி: தரவின் வடிவம்

புதியவர்கள் மென்பொருளைத் திட்டுகிற இடங்களில் முக்கால்வாசி உண்மையில் தரவு வடிவத்தின் கோளாறு. இதில் ஒரு மாலை செலவிட்டால் பின்னால் பல வாரங்கள் மிஞ்சும்.

இருபது செடிகள், இரண்டு வகை உரம், ஆறு வாரங்கள் உயரம் அளந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். இயல்பாக எப்படி எழுதுவோம்? செடிக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு நெடுவரிசை: 20 வரிசை, 6 நெடுவரிசை. இது அகல வடிவம். கண்ணுக்கு வசதி, எக்செலுக்கும் இதுதான் பிடிக்கும். இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு வரிசை, நெடுவரிசைகள் நான்கே: செடி, உரம், வாரம், உயரம். மொத்தம் 120 வரிசை. இது நீள வடிவம். பார்க்க அலுப்பாக இருக்கும். ஆனால் ஆரில் இயங்கும் ஜிஜிபிளாட்2, பைதானில் இயங்கும் சீபார்ன் போன்றவை எதிர்பார்ப்பது இதைத்தான். ‘வாரத்தைக் கிடைமட்டத்தில் போடு, உயரத்தைச் செங்குத்தில் போடு, உரத்துக்கு நிறம் கொடு’ என்று கட்டளையிட வேண்டுமானால் வாரம், உயரம், உரம் மூன்றும் தனித்தனி நெடுவரிசையாக இருந்தாக வேண்டுமே. அகல வடிவத்தில் ‘உயரம்’ என்ற பெயரில் ஒரு நெடுவரிசையே கிடையாது. ஆறு நெடுவரிசைகளில் அது சிதறிக் கிடக்கிறது.

ஒரு வடிவத்திலிருந்து மற்றதற்கு மாற்ற ஆரிலும் பைதானிலும் ஒற்றை வரிக் கட்டளை உண்டு. எக்செலுக்குள் இருக்கும் தரவு மாற்றும் கருவியான பவர் குவெரியிலும் முடியும். முதலில் கற்க வேண்டிய கட்டளை அதுதான், படம் போடுகிற கட்டளை அடுத்தது.

வடிவம் போக, சில சுத்தங்கள். செல்களை ஒன்றாக இணைக்காதீர்கள். மஞ்சள் நிறம் அடித்து ‘இது சந்தேகம்’ என்று குறிக்காதீர்கள். வெறும் எழுத்தையும் எண்ணையும் மட்டும் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பு மஞ்சளை மறந்துவிடும். சந்தேகத்துக்குத் தனி நெடுவரிசை போடுங்கள். விரிதாளில் திறந்து மூடும்போது தரவு தானாக மாறுகிறதா என்றும் பாருங்கள். மரபணுப் பெயர்களில் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று ஒலிக்கும் குறியீடுகள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று எண்ணி மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் வெளியிட்ட விதிமுறையில் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

வரிசை எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். எக்செலின் இன்றைய கோப்பு வடிவம் 10,48,576 வரிசை கொள்ளும். பழைய வடிவத்தின் எல்லை 65,536 மட்டுமே. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கோவிட் முடிவுகளைத் தொகுக்கையில் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியதால், ஏறத்தாழ 16,000 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின.

மூன்றாம் படி: எந்தக் கூட்டத்தில் சேர்வது

விரிதாள். எக்செல், லிப்ரெஆஃபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ். சில நூறு வரிசைகள், இரண்டு மூன்று படங்கள், தரவு இனி மாறாது என்றால் இங்கேயே முடித்துவிடுங்கள். இதற்காக நிரல் கற்கப் போகிறவரை நான் தடுப்பேன். பட்டைப் படம், கோட்டுப் படம், சிதறல் படம் எல்லாம் உண்டு. எக்செலில் ஹிஸ்டோகிராமும் (மதிப்புகளைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிக் காட்டும் படம்) பாக்ஸ் பிளாட்டும் (தரவின் நடுப்பாதியைப் பெட்டியாகக் காட்டும் படம்) 2016 பதிப்பிலிருந்து நேரடியாகவே கிடைக்கின்றன. பலவீனம் நான் சொன்ன ஒன்பதாவது படம்தான்: என்ன செய்தோம் என்பதற்கு எழுத்தில் தடம் இருக்காது.

மெனு வைத்த புள்ளியியல் மென்பொருள். ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், திறமூலம். நிரல் எழுதப் பயம், ஆனால் சோதனைகளும் செய்ய வேண்டும், பாக்ஸ் பிளாட்டும் வேண்டும் என்கிற உளவியல், சமூகவியல் மாணவர்களுக்கு இவை அருமையான நடுவழி. உள்ளே ஓடுவது ஆர்தான். ஜமோவியில் ஓர் அமைப்பை மாற்றினால், தான் ஓட்டுகிற ஆர் கட்டளையையே காட்டும். கற்றுக்கொள்ள அது ஒரு கள்ளச் சாவி. படங்களை நுணுக்கமாக மாற்றுவதில் மட்டும் சீக்கிரமே சுவரில் முட்டுவீர்கள்.

ஆர். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய மொழி. முதல் முழுப் பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வந்தது. புள்ளியியலாளர்கள் புள்ளியியலுக்கென்றே செய்தது. பொதுவான நிரலாக்கத்துக்கு இதைக் கொண்டுபோனால் சில இடங்களில் எரிச்சல் வரும், தரவை வரைவதில் வராது. காரணம் ஹேட்லி விக்கம் எழுதிய ஜிஜிபிளாட்2. படத்தை ‘பட்டைப் படம்’, ‘கோட்டுப் படம்’ என்று வகை வகையாகப் பார்க்காமல் அடுக்குகளாகப் பார்க்கிறது அது: தரவு, எந்த நெடுவரிசை எந்த அச்சுக்கு, எந்த வடிவம், எந்த அளவுகோல். லேலண்ட் வில்கின்சன் 1999இல் வகுத்த வரைபட இலக்கணம்தான் இதன் வேர். பலன் என்னவென்றால், புள்ளிப் படத்தைப் பாக்ஸ் பிளாட்டாக மாற்ற ஒரு சொல்லை மாற்றினால் போதும். உரத்துக்கு ஒன்றாகப் படத்தைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒரு வரி சேர்த்தால் போதும். முதல் வாரம் தலை சுற்றும். நான்காவது வாரம் விரிதாளுக்குத் திரும்ப மனம் வராது.

பைதான். வேறு வேலைக்காக ஏற்கெனவே பைதான் தெரியுமென்றால், வரைபடத்துக்காக மட்டும் ஆர் கற்க வேண்டாம். அடித்தளம் மேட்பிளாட்லிப், வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளைப் பார்க்க வேண்டியிருந்த நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் தன் தேவைக்காக எழுதி, 2003இல் வெளியிட்டது. அதில் எதையும் வரையலாம். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே சொல்ல வேண்டும். அதன் மேல் அமர்ந்திருக்கும் சீபார்ன் புள்ளியியல் படங்களைச் சுருக்கமாகப் போட்டுத் தரும். புதியவர்கள் சீபார்னில் தொடங்கி, தலைப்பை நகர்த்த, அச்சைத் திருத்த மட்டும் மேட்பிளாட்லிப்பில் இறங்கினால் போதும். ஜிஜிபிளாட்2 போன்ற அடுக்கு முறை பைதானிலேயே வேண்டுமென்றால் ஆல்டேர் உண்டு. அதில் 5,000 வரிசைகளுக்கு மேல் கொடுத்தால் இயல்பாகவே பிழை காட்டி நிற்கும். அந்த எல்லையை நீங்களே தளர்த்திக்கொள்ள வேண்டும்.

உலாவியில் இயங்குபவை. டேட்டாராப்பர் செய்திக் கட்டுரைக்கு ஏற்றது. ராகிராஃப்ஸ் கொஞ்சம் விசித்திரமான படங்களையும் போட்டு எஸ்விஜியாக (கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கும் படக் கோப்பு) தரும். ராகிராஃப்ஸில் தரவு உங்கள் உலாவியை விட்டு வெளியே போகாது என்பது கூடுதல் நிம்மதி. நோயாளிகள், மாணவர்கள் போன்றோரின் தனிப்பட்ட விவரம் உள்ள தரவை, எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாமல் எந்த இணையதளத்திலும் ஏற்றாதீர்கள்.

டேப்லோ, பவர் பிஐ போன்றவை அலுவலகத்தில் தினமும் மாறுகிற எண்களை மேலாளர்கள் பார்ப்பதற்கானவை. ஆய்வுக் கட்டுரைக்குப் படம் போட இவற்றைக் கற்பது வீண்வேலை என்பது என் எண்ணம்.

நான்காம் படி: ஒரே தரவை இரண்டில் போட்டுப் பாருங்கள்

பெரும்பாலோர் தாண்டிப்போகிற படி இது. இரண்டு மென்பொருளுக்கு நடுவே தயங்குகிறீர்களா? உங்கள் தரவிலிருந்து ஒரு துண்டை எடுத்து இரண்டிலும் எந்த அமைப்பையும் தொடாமல் வரையுங்கள். படங்கள் ஒத்துப்போகாது. ஏன் என்று தேடினால் இரண்டையும் பற்றி ஒரு மாதப் பாடம் ஒரு நாளில் கிடைக்கும்.

ஹிஸ்டோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் தரவை 10 கட்டங்களாக வெட்டும். ஜிஜிபிளாட்2 30 கட்டங்களாக வெட்டிவிட்டு, ‘நல்ல எண்ணாகப் பார்த்து நீங்களே கொடுங்கள்’ என்று ஒரு குறிப்பும் போடும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். எக்செலும் ஆரின் அடிப்படைக் கட்டளையும் ஆளுக்கொரு சூத்திரம் வைத்துக் கணக்கிடுகின்றன. பத்தில் ஒரே மேடாகத் தெரிவது முப்பதில் இரட்டை மேடாகத் தெரியலாம். எது உண்மை என்று மென்பொருள் சொல்லாது. நீங்கள்தான் நாலைந்து அகலங்களில் போட்டுப் பார்க்க வேண்டும்.

பாக்ஸ் பிளாட் இன்னும் வேடிக்கை. 1 முதல் 8 வரை எட்டு எண்கள். முதல் கால்மானம் (தரவில் கால்பங்கு இதற்குக் கீழே இருக்கும் எண், பெட்டி தொடங்கும் இடம்) என்ன? எக்செலில் இருக்கிற இரண்டு கால்மானச் சார்புகளில் ஒன்று 2.25 என்கிறது, மற்றது 2.75 என்கிறது. ஆரின் அடிப்படைப் படம் பெட்டியை 2.5இல் தொடங்குகிறது. அதே ஆருக்குள் ஓடும் ஜிஜிபிளாட்2 2.75இல் தொடங்குகிறது. யாரும் தப்பில்லை. கால்மானம் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. ஆர் மட்டுமே ஒன்பது முறைகளைத் தருகிறது. ஆயிரம் புள்ளிகள் இருந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எட்டுப் புள்ளிகளுக்குத் தெரியும். எட்டுப் புள்ளிகள்தான் இருக்கின்றன என்றால் பெட்டியே எதற்கு, எட்டையும் புள்ளியாகவே வைத்துவிடலாமே.

ஆபத்தானது பிழைப் பட்டை, அதாவது சராசரியைச் சுற்றிய ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குச்சி. எக்செலில் ஐந்து குழுக்களின் சராசரியைப் பட்டைகளாகப் போட்டு, மெனுவில் ‘திட்டப் பிழை’ (சராசரி எவ்வளவு துல்லியம் என்பதன் அளவு) என்று இருப்பதைத் தட்டினால் பட்டைகளின் தலையில் அழகாகக் குச்சிகள் வந்து நிற்கும். ஆனால் அந்தக் குச்சிகள் படத்தில் உள்ள ஐந்து சராசரிகளிலிருந்து கணக்கிட்டவை. உங்கள் மூல அளவீடுகளை அது பார்க்கவே இல்லை. ஐந்து குச்சிகளும் ஒரே நீளமாக இருப்பதுதான் அடையாளம். ஒவ்வொரு குழுவின் திட்டப் பிழையையும் தனியாகக் கணக்கிட்டு, ‘தனிப்பயன்’ என்ற இடத்தில் அந்தச் செல்களைக் காட்ட வேண்டும். சீபார்னின் பட்டைப் படமோ மூலத் தரவை வாங்கித் தானே சராசரி கண்டு, 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியை (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லை) குச்சியாகப் போடுகிறது. இரண்டு கட்டுரைகளில் பார்க்க ஒன்றுபோல இருக்கும் குச்சிகள் இரண்டு வேறு பொருள் தருகின்றன. அதனால் எந்த மென்பொருளானாலும் படத்தின் அடியில் ‘பிழைப் பட்டை குறிப்பது இது’ என்று எழுதாமல் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: தமிழ் எழுத்து, நிறம், சேமிப்பு

அச்சுகளுக்குத் தமிழில் பெயரிடப்போகிறீர்கள் என்றால் அதைக் கடைசி நாளில் சோதிக்காதீர்கள். ‘கொடி’, ‘மேகம்’, ‘சௌகரியம்’ என்று மூன்று சொற்களைத் தலைப்பாகப் போட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றால் கவலையில்லை. எக்செலும் உலாவிக் கருவிகளும் பொதுவாகத் தேறிவிடும். மேட்பிளாட்லிப் நெடுங்காலமாக எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துவந்ததால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் வருவது வேறு சிக்கல். அது தமிழ் எழுத்துரு கொடுக்காததால். ஆரில் ‘ராக்’ என்ற தொகுப்பு வழியாகப் படத்தைச் சேமித்தால் எழுத்து ஒழுங்காக வரும். எதுவுமே சரிவராவிட்டால் பெயர்களே இல்லாமல் எஸ்விஜியாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருளில் தமிழைத் தட்டச்சு செய்யலாம். மறுபடி மறுபடி போடுகிற படத்துக்கு அந்த வழி ஆகாது.

நிறத்தில் ஒன்றே ஒன்று. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். சில மக்கள் குழுக்களில் ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள். மேட்பிளாட்லிப் தன் பழைய வானவில் நிறவரிசையைக் கைவிட்டு, விரிடிஸ் என்ற நிறவரிசைக்கு 2017இல் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் அதில் ஏற்ற இறக்கம் தெரியும்.

அச்சுக்குப் போகிற படத்தைப் பிடிஎஃப் அல்லது எஸ்விஜியாகச் சேமியுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. லட்சக்கணக்கான புள்ளிகள் உள்ள படம் மட்டும் விதிவிலக்கு. எஸ்விஜி ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக நினைவில் வைப்பதால் கோப்பு வீங்கித் திறக்கவே மறுக்கும். அதற்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிஎன்ஜி போதும். அத்தனை புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கரும்பட்டையாகத் தெரிந்தால், அவற்றை அறுகோணக் கட்டங்களில் எண்ணி நிறமிடும் படத்துக்கு மாறுங்கள். ஜேபெக் வேண்டாம், எழுத்தோரங்களில் அழுக்குப் படியும்.

ஆறாம் படி: முதல் வாரம்

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் என் சிபாரிசு இது. தரவு மாறாது, படம் ஐந்துக்குக் குறைவு: விரிதாள். புள்ளியியல் சோதனையும் வேண்டும், நிரல் வேண்டாம்: ஜமோவி. தரவு மாறும், பைதான் தெரியும்: சீபார்ன். தரவு மாறும், எந்த மொழியும் தெரியாது: ஆரும் ஜிஜிபிளாட்2உம். உங்கள் ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ எல்லாரும் ஒரே கருவியைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு அதையே எடுங்கள். இரவு பதினொரு மணிக்குப் பிழைச் செய்தியைக் காட்டிக் கேட்க ஓர் ஆள் இருப்பது எந்த வசதியையும் விடப் பெரிது.

தேர்ந்தெடுத்தபின் பயிற்சித் தரவுகளில் காலம் கழிக்காமல் உங்கள் சொந்தத் தரவில் ஒரே ஒரு படத்தை முழுதாக முடியுங்கள்: தரவைப் படிப்பதிலிருந்து பெயரிட்டுச் சேமிப்பது வரை. நிரல் வழி என்றால் எல்லாக் கட்டளைகளும் ஒரே கோப்பில் இருக்கட்டும். மூலத் தரவுக் கோப்பைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டிவையுங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். மூலத் தரவின் பிரதி ஒன்றில் இரண்டு வரிசைகளை நீக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடி போடுங்கள். பத்து நிமிடத்துக்குமேல் ஆனால் எங்கே தடுமாறினீர்கள், எந்த அமைப்பு நினைவுக்கு வரவில்லை என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி, தரவு இருக்கிற அதே கோப்புறையில் போட்டுவையுங்கள்.